ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூர்ப் பக்கமோ, சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் லாரிகள் ஓடும் அரியலூர்ச் சாலைகளிலோ பைக்கிலிருந்து ஒருவர் தூக்கி எறியப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தோள் தரையில் மோதுகிறது. தலை எதிர்ப்பக்கம் இழுபடுகிறது. அந்த ஒரு இழுப்பில், கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் ஐந்து நரம்பு வேர்களில் சில நைந்துபோகலாம், அறுந்துபோகலாம், தண்டுவடத்திலிருந்தே பிடுங்கிக்கொண்டும் வந்துவிடலாம். எலும்பு முறிந்திருந்தால் புத்தூர்க் கட்டுக்காவது அழைத்துப்போவார்கள். இங்கே எலும்புக்கு ஒன்றுமில்லை, கை மட்டும் தொங்குகிறது. “அடிபட்ட மரமரப்புதான், போகப்போகச் சரியாயிடும்” என்பார்கள் வீட்டில். நரம்பு வெறுமனே நசுங்கியிருந்தால் அது உண்மையும்கூட. அதனால்தான் அந்த வார்த்தை ஆபத்தானது.

அறுந்த நரம்புக்கு என்ன ஆகிறது என்பதை 1850இல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கில் பார்த்துச் சொன்னார். வெட்டுக்குக் கீழே இருக்கும் இழைகள் சிதைந்து கரைந்துவிடுகின்றன. உறை மட்டும் வெற்றுக் குழாயாக எஞ்சுகிறது. ஆக, நரம்பைத் தைப்பது என்பது அறுந்ததை ஒட்டவைப்பதல்ல. மேலேயிருந்து முளைக்கும் புது இழைகளுக்கு அந்தப் பழைய குழாயின் வாயைக் காட்டிவிடுவது, அவ்வளவே. மீதி வேலை இழைகளுடையது. வேகம் ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்.

மக்காச்சோளத் தட்டை அறுக்கையில் கருக்கரிவாள் இடது மணிக்கட்டில் இறங்கினால் இந்தக் கணக்கு தாங்கும். சுண்டுவிரல் மரத்துப்போகும், ஆனால் விரல் நுனி பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் தொலைவுதான், சில மாதங்களில் எட்டிவிடலாம். காயத்தின் தோலை மட்டும் தைத்து அனுப்பாமல், நரம்பைத் தேடிப் பார்க்க வேண்டும். தலைமுடியில் பாதி கனமே உள்ள நைலான் நூலால் மைக்ராஸ்கோப்பின் கீழ் அதைத் தைக்கிறார்கள். இரண்டு முனைகளும் எட்டாவிட்டால் இழுத்துக் கட்டக் கூடாது. இழுபட்ட தையலில் தழும்புதான் வளரும். 1970களில் வியன்னாவின் ஹான்னோ மில்லேசி இதை அழுத்திச் சொன்னார். கெண்டைக்கால் பின்னால் ஓடும் உணர்வு நரம்பொன்றை எடுத்து, துண்டுகளாக்கி இடைவெளியில் வைப்பது அவர் வழி. நோயாளி கொடுக்கும் விலை, பாதத்தின் வெளியோரத்தில் கொஞ்சம் மரப்பு.

கழுத்தில் அறுந்தால்தான் கணக்கு உதைக்கிறது. கழுத்திலிருந்து உள்ளங்கை எழுபது சென்டிமீட்டருக்குக் குறையாது. கிட்டத்தட்ட இரண்டு வருடம். நரம்பில்லாத தசையோ ஒன்று, ஒன்றரை வருடத்துக்கு மேல் காத்திருக்காது. சுருங்கி, கொழுப்பும் நாருமாகிவிடும்.

இந்த இடத்தில்தான் அறுவை மருத்துவர்களின் சாமர்த்தியத்தை நான் மெச்சுவேன். கடைமடைக்குத் தண்ணீர் வராதபோது பக்கத்து வாய்க்காலில் மடை திறந்துவிடுவதைப் போல, வேலை செய்யும் நரம்பிலிருந்து ஒரு கிளையைத் திருப்பிவிடுகிறார்கள். மேல் வேர்கள் இரண்டு போனால் விரல்கள் அசையும், முழங்கை மடங்காது. 1994இல் பிரான்சின் கிறிஸ்தோஃப் ஓபர்லின், விரல்களுக்குப் போகும் அல்னார் நரம்பிலிருந்து ஒரு சிறு கற்றையைப் பிரித்து, புஜத்தசைக்குள் நுழையும் நரம்போடு தைத்துக் காட்டினார். தசை பக்கத்திலேயே இருப்பதால் இழைகள் சில மாதங்களில் போய்ச் சேர்கின்றன. கையின் பிடியும் பெரும்பாலும் குறைவதில்லை.

ஐந்து வேரும் போனவருக்கு விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்புகளைக் கடன் வாங்குவார்கள். அவை மூச்சுக்கானவை. ஆகவே ஆரம்பத்தில் முழங்கையை மடக்க மூச்சை நன்றாக இழுக்க வேண்டும். இருமினால் கை தானாக மடங்கும். பயிற்சி செய்யச் செய்ய மூளை இரண்டையும் பிரித்துக்கொள்கிறது. பேசிக்கொண்டே கையை மடக்கும் நாளும் வருகிறது.

இதற்கெல்லாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி 1971இல் தொடங்கிய கை அறுவைப் பிரிவு இருக்கிறது. கோவை கங்கா மருத்துவமனை இருக்கிறது. அதற்கும் முன்பே, 1948இல், வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தினார். அந்த நரம்புகள் மீளாதவை. நரம்பை விட்டுவிட்டு, உயிரோடிருந்த தசைநாண்களை அவர் இடம் மாற்றினார். காலம் கடந்து வருகிறவர்களுக்கு அந்த வழியும், தொடையிலிருந்து ஒரு தசையையே ரத்தக்குழாய் நரம்போடு எடுத்துக் கையில் பொருத்தும் வழியும் இன்றும் உண்டு.

ஆனால் அவை இரண்டாந்தர ஏற்பாடுகள். அடிபட்டு மூன்று மாதமாகியும் முழங்கை மடங்கவில்லை என்றால் இந்த வேலை தெரிந்தவரிடம் கட்டாயம் போயாக வேண்டும். நரம்பைத் தைக்கவோ திருப்பிவிடவோ நல்ல காலம் முதல் ஆறு மாதம்தான்.