லயத்துக்குப் பின்னால் நிற்கும் மரம்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மாத்தளையை உலுக்கிப் போனது. மலைகள் சரிந்தன, வீதிகள் அறுந்தன, உயிர்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த நாட்களில் விழுந்த மரங்களை எல்லோரும் பார்த்தோம். விழாமல் தப்பிய மரங்களின் அடியைப் போய்ப் பார்த்தவர்கள் குறைவு. ஒரு புயலைத் தாங்கியது அடுத்ததையும் தாங்கும் என்று நம்பத்தான் மனம் விரும்பும். ஆனால் ஊறிய மண்ணில் ஆடி ஆடி வேர் அறுந்த மரம் மாதக்கணக்கில் பச்சை இலையோடு நிற்கும். பிறகு ஒரு சாதாரண மழைக்கே சாயும்.

கொழும்பு கொள்ளுப்பிட்டியில் 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி பஸ் ஒன்றின் மேல் மரம் விழுந்து 5 பேர் உயிரிழந்தது பலருக்கும் நினைவிருக்கும். இப்படி ஒன்று நடந்தவுடன் வீதியோரத்து மரங்களையெல்லாம் வெட்டச் சொல்லிக் குரல் எழும். மாத்தளை போன்ற மலைச்சரிவு மாவட்டத்தில் அது இன்னொரு ஆபத்தை வரவழைக்கும். வெட்டிய மரத்தின் வேர் சில வருடங்களில் உக்கிப்போகும். அதன் பிறகு அந்தச் சரிவின் மண்ணைப் பிடித்துவைக்க எதுவும் இராது. எந்த மரம், எந்தக் கொப்பு, யாருக்கு ஆபத்து என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பயிற்சி பெற்ற மர நிபுணர் முதலில் பார்ப்பது மரத்தையல்ல, அது விழுந்தால் எட்டக்கூடிய இடத்தை. மிளகுத் தோட்டத்தின் நடுவே, ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் உளுத்த மரம் நின்றால் அவர் பதறமாட்டார். அதே மரம் உக்குவளையில் ஒரு பஸ் தரிப்பிடத்தின் மேலோ இறத்தோட்டைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் வசிக்கும் ஒரு லயத்தின் மேலோ சாய்ந்து நின்றால் கதை வேறு. லயம் இரவு முழுவதும் பிள்ளைகள் உறங்கும் இடம். அதன் தகரக் கூரை ஒரு பெரிய கொப்பைக்கூடத் தாங்காது. முறியும் வாய்ப்பு, ஆள் மேல் படும் வாய்ப்பு, பட்டால் வரும் கேடு ஆகிய மூன்றையும் சேர்த்தே ஆபத்தைக் கணிப்பது இன்று உலகமெங்கும் உள்ள முறை.

அதன் பிறகே மரத்தைச் சுற்றி நடப்பார். ஒரு பக்கம் நின்று பார்த்தால் போதாது. மறுபக்கத்தில்தான் பொந்து இருக்கும். அடிமரத்தில் காளான் பூத்திருந்தால் உள்ளே உக்கல் நடக்கிறது. இரண்டு பெரிய கொப்புகள் இறுகிய கவடாகப் பிரிந்து நடுவில் பட்டை சிக்கியிருந்தால் அந்த இடம் காற்றில் பிளக்கும். மரச் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்பார். ஜெர்மனியின் கிளாஸ் மத்தேக் வகுத்த ஒரு கணக்கு உண்டு: உள்ளே கோதான மரத்தில், அதன் ஆரத்தில் சுமார் 30 சதவீதத் தடிப்பாவது நல்ல மரமாக மிஞ்ச வேண்டும். 60 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள அடிமரமென்றால் 9 சென்ரிமீற்றர். இது விவாதத்துக்கு உள்ளான கணக்கு. பொந்து ஒரு பக்கம் திறந்திருந்தால் பொருந்தவும் மாட்டாது. ஆனால் பொந்துள்ள மரமெல்லாம் விழப்போகும் மரமல்ல என்பதை அது காட்டுகிறது. சந்தேகம் தீராவிட்டால் மெல்லிய ஊசியால் துளைத்து அளக்கும் கருவியும், ஒலியைச் செலுத்தி உள்ளே பார்க்கும் கருவியும் இருக்கின்றன.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மிளகுக் கொடி அடிமரத்தை முழுதாக மூடிக்கொள்ளும். கொடியை விலக்கிப் பார்க்காமல் எந்த மரத்தையும் நல்லது என்று சொல்லக்கூடாது.

அதைவிடப் பெரிய பிழை வேரில் நடக்கிறது. பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில்தான் ஓடுகின்றன, கொப்புகளின் நிழலைத் தாண்டியும் போகின்றன. வீதியை அகலமாக்க, கான் வெட்ட, குழாய் புதைக்க என்று மண்ணைத் தோண்டும்போது பிடிமானம் அறுந்துபோகிறது. மேலே இலை வாடாததால் யாரும் கவனிப்பதில்லை. தேயிலைக்கு நிழலாக நட்ட அல்பீசியா இன்னும் மோசம்: வேகமாக வளரும், மரம் மென்மையானது, கொப்பு சட்டென்று முறியும். 2014 ஓகஸ்டில் ஹவாய்த் தீவில் இசெல் புயலின்போது இதே இன மரங்கள் விழுந்துதான் பூனா பகுதி மின்சாரமின்றித் தவித்தது.

சாய்ந்த மரமெல்லாம் ஆபத்தல்ல. பல வருடங்களுக்கு முன் சாய்ந்து, நுனி மறுபடி நிமிர்ந்து வளர்ந்திருந்தால் அது தன்னைச் சரிசெய்துகொண்ட மரம். நேற்று நேராக நின்றது இன்று சாய்ந்து, அடியில் மண் வெடித்து மேலெழும்பியிருந்தால் அதன் கீழே ஒருவரும் நிற்கக்கூடாது. சரிவில் பல மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் நகர்வது மண்ணாக இருக்கலாம். அப்போது முதல் வேலை வீட்டைவிட்டு வெளியேறுவது. அடுத்தது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைப்பது.

நிபுணர் சொல்லும் பரிகாரம் எப்போதும் வெட்டுவதாக இருப்பதில்லை. பட்டுப்போன கொப்பைக் கழித்தாலோ முச்சக்கரவண்டித் தரிப்பிடத்தை நகர்த்தினாலோ போதும் என்பார். உச்சியை மொட்டையடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து கிளம்பும் புதுக் கொப்புகள் ஆழமான பிடியில்லாமல் வளர்ந்து, பாரமானதும் பிய்ந்து விழும். கம்பி தொடும் மரத்தில் நீங்கள் ஏறாதீர்கள். மின்சார முறைப்பாடுகளுக்கான 1987 இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.

யாரிடம் முறையிடுவது என்பதில்தான் நம் மக்கள் அலைக்கழிகிறார்கள். ஏ-9 போன்ற பெருவீதிகளின் ஓரம் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. ஊர் வீதிகள் பிரதேச சபையுடையவை. காணியின் மரத்துக்குக் காணிக்காரரும், தோட்டத்தின் மரத்துக்குத் தோட்ட நிர்வாகமும் பதில் சொல்ல வேண்டும். தோட்ட மரத்தை நீங்களே வெட்டினால் திருட்டுப் பழி உங்கள் மேல் விழும். சொந்தக் காணியானாலும் பலா மரத்தை வெட்ட அனுமதி வேண்டும். ஆகவே கிராம சேவகர் வழியாகப் பிரதேச செயலகத்துக்குப் போவதே பாதுகாப்பு. பிரதேச சபைச் சட்டம் 2018இல் தோட்டங்களையும் உள்ளடக்கும்படி திருத்தப்பட்டதால், தோட்டம் எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று சபை கைவிரிக்கவும் நியாயமில்லை.

எதைச் செய்தாலும் எழுத்தில் செய்யுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னது நடந்ததற்குச் சாட்சி கிடையாது. மரத்தின் படம், திகதி, எந்த வீட்டுக்கு ஆபத்து என்ற விவரம் இவற்றோடு கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் மரம் விழுந்து வரும் கேட்டுக்கான நட்டஈட்டு வழக்கு கவனயீனத்தின் மேல் நிற்கிறது. ஆபத்து உரிமையாளருக்குத் தெரிந்திருந்ததா என்று நீதிமன்றம் கேட்கும்போது உங்கள் கடிதம் பதில் சொல்லும். கொழுந்து பறிக்கையில் கொப்பு விழுந்து காயப்பட்டால் 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. அங்கே தொழில்தருநரின் கவனயீனத்தைத் தொழிலாளி நிரூபிக்கத் தேவையில்லை.

அரச அலுவலகங்களுக்கான கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம். அரசியலமைப்பு தரும் உரிமை அது. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், முறைப்பாட்டின் மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, மரத்தைப் பார்த்தது யார், அவர் எழுதிய அறிக்கை எங்கே என்று கேளுங்கள். தகவலைத் தருவதா மறுப்பதா என்ற முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் எடுத்தாக வேண்டும்.