கிணற்று வாயில் ஒரு நகரம்!

'மாயன்'னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? 2012 டிசம்பர் 21-ம் தேதி உலகம் அழியப் போகுதுன்னு கிளம்பின புரளிதானே! அன்னிக்கு ஒண்ணும் ஆகலை. மாயன் காலண்டரில் ஒரு பெரிய சுற்று முடிஞ்சு அடுத்தது ஆரம்பிச்சது, அவ்வளவுதான். சரி, அந்தக் காலண்டர்காரங்க ஊருக்கு ஒரே ஒரு நாள் டூர் போயிட்டு வருவோமா?

இடம், மெக்ஸிகோ நாட்டின் யுகட்டான் தீபகற்பம். கான்கூன் என்ற கடற்கரை நகரத்தில் காலையில் பஸ் ஏறினால் சுமார் 200 கிலோமீட்டர் பயணம். முதலில் சிச்சென் இட்சா இடிபாடுகள். அப்புறம் 'செனோட்டே' எனப்படும் இயற்கைக் குளத்தில் குளியல். சாயங்காலம் ரிட்டர்ன். 'முதல் பாதி ஹிஸ்டரி க்ளாஸ், ரெண்டாவது பாதி ஜாலி'ன்னு கணக்குப் போடுறீங்களா? அங்கேதான் ட்விஸ்ட். ரெண்டும் ஒரே கதை!

ஆறே இல்லாத ஊர்

ஜன்னலோர சீட் கிடைத்தால் வெளியே பாருங்க. ரெண்டு பக்கமும் காடு. ஆனா, வழியில் ஒரு ஆறுகூட குறுக்கே வராது. யுகட்டானின் வடபகுதி முழுக்க சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழை, சல்லடையில் ஊத்தின மாதிரி கீழே இறங்கிடும். பூமிக்கு அடியில் குகை குகையாகத் தண்ணி ஓடும். எங்கேயாவது ஒரு குகையின் கூரை இடிந்து விழுந்தால் மேலே பெரிய ஓட்டை, உள்ளே பளிங்கு மாதிரி தண்ணி. அதுதான் செனோட்டே. இப்படி ஆயிரக்கணக்கில் இருக்கு.

அந்தக் காலத்தில் தண்ணி வேணும்னா இதுதான் வழி. அதனால் செனோட்டே இருந்த இடத்தில் ஊர் வளர்ந்தது. 'சிச்சென் இட்சா' என்ற பெயருக்கே 'இட்சாக்களின் கிணற்று வாய்'னுதான் அர்த்தம்!

கை தட்டினால் பறவை

உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது குகுல்கான் பிரமிடு. உச்சிக் கோயிலோடு சேர்த்து சுமார் 30 மீட்டர் உயரம். நாலு பக்கமும் பக்கத்துக்கு 91 படி. கூடவே உச்சி மேடையை ஒரு படியா சேர்த்துக்கங்க. மொத்தம் எவ்வளவு? 365! கல்லிலேயே காலண்டர் கட்டியிருக்காங்க பாஸ். பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச், செப்டம்பர் நாட்களில், சாயங்கால வெயில் வடக்குப் படிக்கட்டின் ஓரத்தில் முக்கோணம் முக்கோணமாக விழும். ஒரு பாம்பு நெளிந்து இறங்குகிற மாதிரியே இருக்கும்.

படிக்கட்டுக்கு எதிரே நின்று ஒரு தட்டு தட்டுங்க. எதிரொலி கைதட்டல் மாதிரி வராது, பறவை கீச்சிடுகிற மாதிரி வரும். மாயன்கள் புனிதமாகக் கருதின கெட்சால் பறவையோட குரல் இதுதான்னு கைடு சொல்வார். ஏறிப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். 2006-லிருந்து தடை.

அங்கிருந்து ஒரு நேர்ப்பாதையில் நடந்தால் புனிதக் குளம். சுமார் 60 மீட்டர் அகலம், செங்குத்தான சுவர், பாசி படிந்த பச்சைத் தண்ணி. இதில் குளிக்கக் கூடாது. மழைக் கடவுளான 'சாக்'குக்கு ஜேட் கல், தங்கம், கடைசியில் மனித உயிரையும் காணிக்கையாகக் கொடுத்த இடம் இது. 1904-ல் எட்வர்ட் தாம்ஸன் என்ற அமெரிக்கர் இந்தக் குளத்தைத் தூர்வாரத் தொடங்கினார். கிடைத்த பொருட்கள் ஹார்வர்டின் பீபாடி மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு பகுதிதான் பிறகு மெக்ஸிகோவுக்குத் திரும்பி வந்தது.

மாயமாக மறையவில்லை!

'கன்னிப் பெண்களைத் தள்ளிவிட்டாங்க' என்ற கதையை அங்கே நிச்சயம் யாராவது சொல்வாங்க. ஆனால், எலும்புகள் சொல்வது வேறு. குளத்தில் கிடைத்தவற்றில் ஆண்கள், பெண்கள், குழந்தைகள் எல்லாருமே உண்டு. குளத்துக்குப் பக்கத்தில் 1967-ல் ஒரு நிலத்தடித் தொட்டி கண்டுபிடிக்கப்பட்டது. அதில் நூறு குழந்தைகளுக்கு மேல் புதைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் 64 பேரின் டி.என்.ஏ. ஆய்வு 2024-ல் வெளியானது. அத்தனை பேரும் சிறுவர்கள். ரெண்டு ஜோடி இரட்டையர்களும் அதில் இருந்தார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. இன்றைக்கு அந்தப் பகுதிக் கிராமத்தில் வாழும் மாயன் மக்களுக்கும் அந்தச் சிறுவர்களுக்கும் மரபணுத் தொடர்ச்சி இருக்கிறது. 'மாயன்கள் திடீர்னு மாயமா மறைஞ்சுட்டாங்க'ன்னு படிச்சிருப்பீங்களே... காலியானது சில நகரங்கள்தான், மக்கள் இல்லை. மெக்ஸிகோவில் 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி 7 லட்சம் பேருக்கு மேல் யுகட்டான் மாயன் மொழி பேசுகிறார்கள். உங்க பஸ் டிரைவரும், மதியச் சாப்பாடு பரிமாறுகிறவரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

இப்போ குதிக்கலாம்!

சிச்சென் இட்சாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது 'இக் கில்' செனோட்டே. தரைமட்டத்திலிருந்து சுமார் 26 மீட்டர் கீழே தண்ணி. கல் படிக்கட்டில் இறங்கணும். மேலேயிருந்து மர வேர்களும் கொடிகளும் விழுது மாதிரி தொங்கும். நடுவில் வட்டமாக வானம். தண்ணி ஜில்லுன்னு இருக்கும். செம அனுபவம்!

ஆனா ஒரு கண்டிஷன். இறங்குவதற்கு முன்னாடி ஷவரில் குளிக்கணும். ஏன் தெரியுமா? உங்க உடம்பில் இருக்கிற சன்ஸ்கிரீனும் கொசு க்ரீமும் இந்தக் குளத்தோடு நிற்காது. 2018-ல் யுகட்டான் தீபகற்பத்தின் கடலோரத்தில், துலூம் நகரம் பக்கம், ரெண்டு நீருக்கடி குகைகள் ஒன்றோடொன்று சேர்வதை முக்குளிப்பவர்கள் கண்டுபிடித்தார்கள். மொத்த நீளம் 347 கிலோமீட்டர்! பூமிக்கடியில் அப்படியொரு வலைப்பின்னல். இந்த நிலத்தடித் தண்ணிதான் யுகட்டான் மக்களின் குடிநீர்.

அதற்காக அவர்கள் கோர்ட்டுக்கும் போயிருக்கிறார்கள். ஹோமூன் என்பது செனோட்டேக்கள் நிறைந்த ஒரு மாயன் கிராமம். அங்கே சுமார் 49,000 பன்றிகளை வளர்க்கும் பண்ணை வந்தபோது, கழிவு தண்ணியில் கலந்துவிடும்னு ஊரே எதிர்த்தது. ஆறு குழந்தைகளின் பெயரில் வழக்குப் போட்டார்கள். 2018-ல் நீதிமன்றம் பண்ணையை நிறுத்தி வைத்தது. 2021-ல் உச்ச நீதிமன்றமும் அந்த உத்தரவை உறுதி செய்தது. நீங்க ஷவருக்குச் செலவழிக்கிற ரெண்டு நிமிஷம், இந்தப் போராட்டத்துக்கு ஒரு டூரிஸ்ட் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை!

கிளம்புறதுக்கு முன்னாடி...

* சிச்சென் இட்சா காலை 8 மணிக்குத் திறக்கும். எவ்வளவு சீக்கிரம் போறீங்களோ, வெயிலும் கூட்டமும் அவ்வளவு குறைவு.

* க்ரீமுக்குப் பதில் தொப்பி, முழுக்கைச் சட்டை. உங்க தோலுக்கும் நல்லது, குளத்துக்கும் நல்லது.

* நீச்சல் தெரியாதா? லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிக்கங்க. கரையிலேயே ஆழம்தான்.

* அனுமதி அட்டை வைத்திருக்கிற உள்ளூர் கைடாகப் பாருங்க. மாயன் பேசுறவர்னா விடாதீங்க. 'பிஷ் அ பேல்?'னு கேளுங்க. 'எப்படி இருக்கீங்க?'ன்னு விசாரிக்க அவங்க சொல்ற வார்த்தை அது. நேர் அர்த்தம், 'உன் வழி எப்படி இருக்கு?' அதுக்கப்புறம் அவர் சொல்ற கதையைக் கேட்கத்தான் உங்களுக்கு நேரம் பத்தாது!