தெரியுமா? மசால் வடை வைத்த ஒன்பது இயற்பியல் பொறிகள்!

நீட் தேர்வில் இயற்பியலுக்கு மட்டும் 45 கேள்விகள், 180 மதிப்பெண்! சரியான விடைக்கு 4 கூடும், தப்பான விடைக்கு 1 கழியும். கேள்வி போடுகிறவர் லேசுப்பட்டவர் இல்லை. ‘அட, இதுதானே!’ என்று மனசு தாவும் இடம் பார்த்து ஒரு தப்பு விடையை வைத்திருப்பார், எலிப்பொறியில் மசால் வடை வைக்கிற மாதிரி! நமக்கு ஆச்சரியமாகத் தெரியும் இடம்தான் அவருக்குப் பொறி வைக்கத் தோதான இடம். வாங்க, ஒன்பது பொறிகளைத் திறந்து பார்த்துவிடுவோம்.

1. சுத்தியலும் இறகும் சேர்ந்து விழும், தெரியுமா?

1971 ஆகஸ்ட் 2. நிலவில் நின்றார் அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட். ஒரு கையில் 1.32 கிலோ சுத்தியல், மறு கையில் 30 கிராம் வல்லூறு இறகு. இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டார். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன! கனமான பொருளை ஈர்ப்பு அதிகமாக இழுக்கிறது, நிஜம்தான். ஆனால் அதை நகர்த்தவும் அதே அளவுக்கு அதிக விசை வேண்டுமே! கணக்கு நேராகிவிடுகிறது. நம் ஊரில் இறகு மெதுவாக இறங்கக் காரணம் காற்றுதான்.

2. விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு விசை இருக்கிறது, தெரியுமா?

வீரர்கள் மிதக்கிறார்கள், ஆகவே அங்கே ஈர்ப்பு பூஜ்யம். இதுதான் வடை! நிலையம் பறப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். அங்கே ஈர்ப்பு முடுக்கம் தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 89 சதவீதம். அப்புறம் ஏன் மிதக்கிறார்கள்? நிலையமும் அவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள்! பக்கவாட்டில் விநாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கும் மேல் பாய்வதால், விழ விழப் பூமியும் வளைந்து விலகிப் போகிறது. ஒரு நாளில் சுமார் 16 முறை பூமியைச் சுற்றி வருகிறார்கள்!

3. எறும்புக்கும் யானைக்கும் ஒரே வேகம்!

பூமியின் பிடியை விட்டுப் போக விடுபடு வேகம் விநாடிக்கு 11.2 கிலோமீட்டர். எறும்பானாலும் யானையானாலும் இதே 11.2தான்! சூத்திரத்தில் பூமியின் நிறையும் ஆரமும் இருக்கின்றன, கிளம்பும் பொருளின் நிறை இல்லவே இல்லை. செலவாகும் ஆற்றல் மட்டும்தான் யானைக்கு அதிகம்.

4. வியர்க்க விறுவிறுக்கச் சுமந்தாலும் வேலை பூஜ்யம்!

ரயில்வே பிளாட்பாரத்தில் தலையில் பெட்டியோடு சீரான வேகத்தில் நடக்கும் போர்ட்டர், பெட்டியின் மீது புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை எவ்வளவு? பூஜ்யம்! அவர் தரும் விசை மேல்நோக்கி, பெட்டி நகர்வதோ கிடைமட்டமாக. இடையில் 90 டிகிரி. காஸ் 90 பூஜ்யம். கூலி பேசும்போது மட்டும் இந்தச் சூத்திரத்தை எடுத்துவிடாதீர்கள்!

5. ஊஞ்சலுக்குக் குண்டு, ஒல்லி தெரியாது!

தாத்தா உட்கார்ந்தாலும் பேத்தி உட்கார்ந்தாலும் சின்ன வீச்சில் ஊஞ்சல் போய்வரும் நேரம் ஏறக்குறைய ஒன்றே. அலைவுநேரத்துக்கு நிறை பொருட்டில்லை, நீளம்தான் பொருட்டு. பேத்தி எழுந்து நின்றால்? நிறை மையம் மேலே ஏறும், பயன்படும் நீளம் குறையும், ஊஞ்சல் விரைவாக ஆடும்!

6. மின்சாரத்தில் எலெக்ட்ரான் எறும்பைவிட மெதுவாகப் போகிறது, தெரியுமா?

டார்ச் லைட்டை அமுக்கியதும் பளிச்! ஆனால் கம்பிக்குள் எலெக்ட்ரான்களின் இழுப்புத் திசைவேகம் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான், பல நேரம் அதைவிடவும் குறைவு. பிறகு எப்படி உடனே எரிகிறது? ஸ்விட்ச் போட்டதும் மின்புலம் ஒளிவேகத்தை ஒட்டிய வேகத்தில் கம்பி முழுக்கப் பரவிவிடும். தண்ணீர் நிறைந்த ஹோஸ் பைப்பில் குழாயைத் திறந்ததும் மறுமுனையில் கொட்டுகிறதே, அதே கதைதான்!

7. கொதிநீரைவிட இட்லிப் பானை ஆவி பொல்லாதது!

இரண்டும் 100 டிகிரி செல்சியஸ்தானே? ஒரு கிராம் கொதிநீர் உடல் வெப்பநிலையான 37 டிகிரிக்குக் குளிரும்போது கையில் விடும் வெப்பம் 63 கலோரி. ஒரு கிராம் நீராவியோ முதலில் நீராக மாறவே 540 கலோரியைக் கொட்டும், பிறகு அந்த 63. மொத்தம் 603. ஒன்பது மடங்குக்கும் மேல்! உள்ளுறை வெப்பம் என்ற பெயரே சொல்கிறதே, உள்ளே ஒளிந்திருக்கிறது என்று.

8. உள்ளங்கையில் இரண்டு சிமென்ட் மூட்டை!

ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் வளிமண்டலம் சுமார் ஒரு கிலோ எடையோடு அழுத்துகிறது. உள்ளங்கை 100 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 100 கிலோ! கீழிருந்தும் அதே அழுத்தம் தாங்குவதால் கை தப்பித்தது. மலை ஏறினால் இந்த அழுத்தம் குறையும். அதனால்தான் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகத் தாமதமாகும். அழுத்தத்தைக் கூட்டும் குக்கரிலோ கொதிநிலை 120 டிகிரி வரை ஏறும்!

9. சித்தப்பாவும் அண்ணன் மகனும் கப்பலிலேயே இயற்பியல் செய்தார்கள், தெரியுமா?

1921. இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார் திருச்சியில் பிறந்த சி.வி.ராமன். மத்தியதரைக் கடலின் நீலம் அவரை விடவில்லை. கடல் நீலமாக இருப்பது வானத்தின் பிரதிபலிப்பால் என்று இயற்பியலாளர் ராலே சொல்லியிருந்தார். ராமன் ஒரு பட்டகம் வழியே மேற்பரப்பு எதிரொளிப்பை வடிகட்டிவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை! நீரே ஒளியைச் சிதறடிக்கிறது. அந்தத் தேடல் 1928 பிப்ரவரி 28-இல் ராமன் விளைவாகக் கனிந்தது. 1930-இல் நோபல் வந்தது. பொறி எங்கே? ராலே சிதறலில் அலைநீளம் மாறாது, ராமன் சிதறலில் மாறும். ராலே சிதறலில் அலைநீளம் பாதியானால் சிதறல் இரண்டு மடங்கு அல்ல, 16 மடங்கு!

அதே 1930-இல் இன்னொரு கப்பல். ராமனின் அண்ணன் மகன் சந்திரசேகர், 19 வயதில் கேம்பிரிட்ஜ் போகும் வழியிலேயே கணக்குப் போட்டார்: எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனான வெண்குறுமீனின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு! இன்று அது சூரியனின் நிறையைப்போல் சுமார் 1.4 மடங்கு; பெயர் சந்திரசேகர் எல்லை. வானியலாளர் எடிங்டன் போன்ற பெரியவரே அதை ஏற்க மறுத்தார். நோபல் பரிசு வந்தது 1983-இல்!

இனிப் படிக்கும்போது ஒன்று செய்யுங்கள். சூத்திரத்துக்குப் பக்கத்தில், கணக்குப் போடும் முன் உங்களுக்கு முதலில் தோன்றிய விடையையும் எழுதுங்கள். தப்பாக இருந்தால் அடிக்காமல் அப்படியே விடுங்கள். தேர்வுக்கு முதல் நாள் அந்தப் பட்டியலை மட்டும் புரட்டினால் போதும். மறுநாள் வினாத்தாளில் எந்த வடை எந்தப் பொறியில் இருக்கிறது என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்!