ஆக்சிஜன் குறைபாடும் மூளைக்காப்பும்: வல்லாரையை முன்வைத்து

மனித உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வுநிலையில் உடல் நுகரும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைப் பெறுகிறது. அதனைச் சேமித்துவைக்கும் ஆற்றல் மூளைக்கு இல்லை. ஆதலின் குருதியோட்டம் தடைப்பட்ட சில நிமிடங்களிலேயே நரம்பணுக்கள் அழியத் தொடங்குகின்றன. இவ்வழிவை மூலிகைப்பொருள் தடுக்குமா என்பது ஆய்வுக்குரியது. நினைவாற்றலுக்குரிய மூலிகையாக வல்லாரை சித்த மருத்துவத்தில் பெயர்பெற்றது. எனினும் நினைவைப் பெருக்குதல் வேறு, ஆக்சிஜனின்றி நலியும் நரம்பணுவைக் காத்தல் வேறு. முன்னதன் புகழ் பின்னதற்குச் சான்றாகாது.

ஆக்சிஜன் குன்றியதும் உயிரணுவின் ஆற்றல் உற்பத்தி வீழ்கிறது. சோடியம், பொட்டாசியம் அயனிகளின் சமநிலை குலைகிறது. குளூட்டமேட் மிகுதியாக வெளிப்பட, கால்சியம் உயிரணுவினுள் பெருகிப் புகுகிறது. அதன்பின் மைட்டோகாண்ட்ரியா சிதைவுற்று, சைட்டோகுரோம்-சி என்னும் புரதம் கசிந்து, உயிரணு தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும் நிகழ்வு தொடங்குகிறது. குருதி மீளப் பாயும்போது தோன்றும் வினைத்திறன்மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளும் கேடு விளைவிப்பன.

வல்லாரையின் முதன்மை வேதிப்பொருள்கள் ஏசியாட்டிகோசைடு, மேடகாசோசைடு, ஏசியாட்டிக் அமிலம் முதலிய டிரைடெர்பீன்கள். 2009-இல் வெளிவந்த ஆய்வொன்றில், மூளைத்தமனி அடைக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு ஏசியாட்டிக் அமிலம் அளிக்கப்பட்டது. திசு அழிவின் கனஅளவு முதல்நாளில் 60 விழுக்காடு குறைந்தது. ஏழாம்நாளிலோ அக்குறைவு 26 விழுக்காடே. சைட்டோகுரோம்-சி கசிவும் குறைந்தது. முதல் எண்ணை மட்டும் எடுத்துக்காட்டி இரண்டாவதை விடுத்தல் நேர்மையன்று. மேலும், ஆய்வில் பயன்பட்டது பிரித்தெடுத்த தூயபொருள். கீரையோ துவையலோ அன்று.

விலங்காய்வின் வெற்றி மனிதரிடம் மீளும் என்பதற்கும் உறுதியில்லை. என்.எக்ஸ்.ஒய்-059 என்னும் செயற்கைப் பொருள் விலங்குகளில் நற்பயன் தந்தது. 2006-இல் வெளியான முதல் பெரிய மனித ஆய்வும் நம்பிக்கையூட்டியது. 3000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நிகழ்ந்து 2007-இல் வெளியான அடுத்த ஆய்வில் அது பயனற்றதாயிற்று.

தமிழாய்வாளர் கருதவேண்டிய சிக்கல் பெயர்பற்றியது. ‘பிரம்மி’ என்னும் வடமொழிப் பெயர் இடத்திற்கேற்ப வல்லாரையையும் நீர்ப்பிரமியையும் குறித்து வழங்குகிறது. இவை வெவ்வேறு குடும்பத் தாவரங்கள். நீர்ப்பிரமியில் சிறப்பாக அமைந்தவை பேக்கோசைடுகள். ஒன்றன் ஆய்வுமுடிவை மற்றொன்றன்மேல் ஏற்றுதல் பிழையாகும். எனவே மருத்துவச் சுவடிகளைப் பதிப்பிப்போர் ‘பிரமி’ என்னும் சொல்லுக்கு உடனே பொருள் எழுதாது, இலைவடிவம், வாழிடம், மாற்றுப்பெயர் ஆகியவற்றைக் கொண்டு தாவரத்தைத் துணிந்தபின்னரே குறிப்பு வரைதல் வேண்டும்.