அறுந்த தசைநாணுக்கு ஒலி மருந்தாகுமா?

கோல சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்களின் உயிர்நாடி அவர்கள் கைதான். நீண்ட கம்பில் கட்டிய அரிவாளைத் தீட்டும்போது ஒரு நொடி வழுக்கினால் போதும். வெளிக்காயம் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் விரல் மடங்காது. உள்ளே, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அறுந்திருக்கும்.

அதைத் தைப்பதற்கு நம் சிலாங்கூர் மாநிலத்திலேயே கைதேர்ந்த இடம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு மே மாதம், இறந்துபோன இரட்டைச் சகோதரியின் கையை ஒரு பச்சிளம் குழந்தைக்குப் பொருத்தி உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது செலாயாங் மருத்துவமனை. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் வி. பத்மநாதன்.

தைத்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. உள்ளங்கையின் மேல்மடிப்பிலிருந்து விரலின் நடுப்பகுதி வரை, இரண்டு தசைநாண்கள் ஒரே குறுகிய உறைக்குள் ஓடுகின்றன, சைக்கிள் பிரேக் கம்பி தன் குழாய்க்குள் ஓடுவதுபோல. காயம் ஆறும்போது தசைநாண் உறையோடு ஒட்டிக்கொண்டால், தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் விரல் விறைத்துவிடும். அசைக்காமல் விட்டால் ஒட்டும்; முரட்டுத்தனமாக அசைத்தால் தையல் அறும். முதல் மூன்று வாரங்கள் மிகவும் ஆபத்தானவை.

இந்த இடத்தில்தான் காதுக்குக் கேட்காத ஒலியலையை உடலுக்குள் செலுத்தும் அல்ட்ராசவுண்ட் சிகிச்சை பேச்சில் வருகிறது. முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்க ஒலியலையை ஆராய்ந்த பிரெஞ்சு விஞ்ஞானி லாஞ்செவின், தண்ணீருக்குள் அந்த அலை பாய்ந்தபோது மீன்கள் செத்ததையும், கையை விட்டால் வலித்ததையும் கவனித்தார். ஒலி உடலுக்குள் போய் ஏதோ செய்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. இன்று தோலுக்கு அருகிலுள்ள விரல் தசைநாண்களுக்கு 3 மெகாஹெர்ட்ஸ், ஆழமான திசுக்களுக்கு 1 மெகாஹெர்ட்ஸ் அலை பயன்படுகிறது. காற்று இந்த அலையைத் திருப்பி அனுப்பிவிடும் என்பதால்தான் பசைபோன்ற ஜெல்லைத் தடவுகிறார்கள். ஒரே இடத்தில் சூடு குவியாதிருக்கக் கருவியின் தலையை நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள். அலையை விட்டுவிட்டுச் செலுத்தினால் சூடு குறையும். தசைநாணின் நார்ப்பொருளான கொலாஜனை உண்டாக்கும் செல்கள் மட்டும் தூண்டப்படும் என்பது எதிர்பார்ப்பு.

எதிர்பார்ப்பு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 1982இல் முயல்களின் மடக்கு தசைநாண்களில் செய்த சோதனையில் அல்ட்ராசவுண்ட் ஆறுவதைக் கெடுத்தது. 1989இல் முயல்களின் குதிகால் தசைநாணில் செய்த சோதனையிலோ வலிமை கூடியது. 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, பலவகை வலி, காயங்களுக்காக மனிதர்களிடம் செய்த 35 சோதனைகளைச் சலித்தது. முறையாக நடந்தவை என்று தேறியவை 10. அவற்றில் இரண்டில் மட்டுமே போலிச் சிகிச்சையைவிட உண்மைச் சிகிச்சை மேலாக இருந்தது.

ஆகவே கருவி துணையாக வரலாம், முதல் மருந்தாக வர முடியாது. விரலைப் பிழைக்க வைப்பது, கையைத் தாங்கும் பட்டையணிந்து, சிகிச்சையாளர் சொன்ன அளவுக்கு, சொன்ன நேரத்தில் செய்யும் அசைவுப் பயிற்சிதான். கருவிக்கு அடியில் கையை நீட்டிவிட்டு வீட்டில் பயிற்சியை விட்டால் பலன் கிடையாது. அறுவை மருத்துவர் அனுமதி தராமல் இந்தச் சிகிச்சையைச் செய்துகொள்ளக் கூடாது; கிருமித்தொற்று உள்ள காயத்தின்மேலும் செய்துகொள்ளக் கூடாது.

தோட்டத்திலிருந்து மருத்துவமனைக்குப் போய்வர ஒரு நாள் சம்பளம் போகிறதே என்று பலர் நின்றுவிடுகிறார்கள். வேலையில் பட்ட காயத்துக்கு, விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால், சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ 80 விழுக்காடு தினச்சம்பளத்தை ஈடாகத் தருகிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். பன்னிரண்டு வாரமாவது ஆகும்வரை அரிவாளைத் தொடாதீர்கள். அதன்பிறகும் மருத்துவர் சரி என்றால் மட்டுமே தொடுங்கள்.