ஒரு முறை அம்மை வந்த பிள்ளைக்கு ஊசி வேண்டுமா?

ஒன்றாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளையின் புத்தகப் பையில் தடுப்பூசிக்கான ஒப்புதல் பாரம் வரும். அதில் பெற்றோர் கையெழுத்திட வேண்டும். நம் நாட்டில் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம் இல்லை என்பதால் அந்தக் கையெழுத்துதான் முடிவு. பல வீடுகளில் பேனாவை எடுக்கும்போதே பாட்டியின் குரல் கேட்கும்: "இவனுக்குத்தான் மூணு வயசுலேயே அம்மை போட்டுருச்சே, இன்னும் எதுக்கு ஊசி?"

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. சில நோய்கள் ஒரு முறை வந்துவிட்டால் உடலே எதிர்ப்புச் சக்தியை வளர்த்துக்கொள்ளும். ஆனால், வந்தது எந்த அம்மை?

சிக்கல் நம் சொல்லிலேயே இருக்கிறது. உடம்பில் கொப்புளமோ தடிப்போ வந்தால் 'அம்மை' என்கிறோம். வேப்பிலை செருகுகிறோம், மூன்றாம் தண்ணீர் ஊற்றுகிறோம். சின்னம்மை, தட்டம்மை, ரூபெல்லா என மருத்துவம் தனித்தனியாகப் பிரிக்கும் நோய்கள் எல்லாம் நம் வீட்டில் ஒரே பெயரில் நுழைகின்றன. கிளினிக்கில் தாதி மலாயில் கேட்கும்போது குழப்பம் இன்னும் கூடும். 'ச்சம்பாக்' என்றால் தட்டம்மை. 'ச்சாச்சார் ஆயர்' என்றால் நீர்க் கொப்புளம் வரும் சின்னம்மை. இரண்டும் வேறு வேறு கிருமிகள். ஒன்று வந்ததால் மற்றது வராமல் இருக்காது.

முதலில் சின்னம்மை. அது வந்தது உறுதி என்றால் அதற்கான ஊசி பொதுவாகத் தேவையில்லை. அந்த ஊசி அரசாங்கத்தின் இலவச அட்டவணையிலும் இல்லை. தனியார் கிளினிக்கில் பணம் கட்டித்தான் போட வேண்டும். ஒரு வயதுக்குள் வந்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி அப்போது பிள்ளையின் உடலில் மிச்சம் இருப்பதால், அதன் சொந்த எதிர்ப்புச் சக்தி முழுமையாக வளராமல் போகலாம்.

தட்டம்மை வேறு கதை. வந்தது தட்டம்மைதான் என்று மருத்துவரே சொல்லியிருந்தாலும் ஊசியை விடக்கூடாது. ஒன்பது மாதத்திலும் பன்னிரண்டு மாதத்திலும் போடப்படும் எம்.எம்.ஆர். ஊசி தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்தது. தட்டம்மை வந்த பிள்ளைக்கு மற்ற இரண்டுக்கும் பாதுகாப்பு கிடையாது. ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருக்கும் உடலில் மறுபடியும் ஊசி போட்டால் கெடுதல் வருமோ என்று பயப்பட வேண்டாம். அந்தப் பகுதியை உடல் அடையாளம் கண்டு அடக்கிவிடும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. தட்டம்மைக் கிருமி, உடல் முன்பு கற்றுவைத்த எதிர்ப்புச் சக்தியையே அழித்துவிடும். நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 பிள்ளைகளிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், தட்டம்மைக்குப் பிறகு அவர்களின் எதிர்ப்பு அணுக்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை காணாமல் போயிருந்தன. ஆக, தட்டம்மை வந்துபோன பிள்ளைக்கு மற்ற தடுப்பூசிகளின் தேவை கூடுகிறதே தவிர குறைவதில்லை. அதே 2019-இல்தான் கிளந்தான், குவா மூசாங் அருகே கோலா கோ பூர்வகுடிக் கிராமத்தில் தட்டம்மை பரவி உயிர்களைப் பறித்தது.

டிப்தீரியா, ரணஜன்னி இரண்டிலும் 'ஒரு முறை வந்தால் போதும்' என்ற கணக்கே செல்லாது. நோய் வந்து பிழைத்தவருக்கும் போதிய எதிர்ப்புச் சக்தி வருவதில்லை. குணமாகும்போதே மருத்துவர்கள் ஊசியும் போடுகிறார்கள். கக்குவான் இருமல் தரும் பாதுகாப்பும் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். 2016-இல் கெடாவிலும் மலாக்காவிலும் டிப்தீரியாவுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த நாடு இது.

ஊசியைத் தள்ளிப்போட வேண்டிய நோய்களும் உண்டு. கவாசாக்கி நோய்க்காக ரத்தக் குழாய் வழியாக இம்யூனோகுளோபுலின் ஏற்றப்பட்ட பிள்ளைக்கு எம்.எம்.ஆர். ஊசியைப் பொதுவாகப் பதினொரு மாதம் தள்ளிப்போடுவார்கள். ஏற்றிய மருந்தே ஊசியை வேலை செய்யவிடாது. புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் பிள்ளை, அதிக அளவில் ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளை, முந்தைய ஊசியில் கடுமையான ஒவ்வாமை வந்த பிள்ளை என்றால் மருத்துவரைக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். சாதாரண சளி இருமல் இதில் சேராது. என்னைக் கேட்டால், தோட்டத்திலும் டவுனிலும் ஊசி தவறிப்போக இந்தச் சளிதான் பெரிய சாக்கு.

கிளினிக்குக்குப் போகும்போது பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தை எடுத்துச் செல்லுங்கள். வீடு மாறியதில் தொலைந்துவிட்டது என்றால், முன்பு ஊசி போட்ட கிளினிக்கில் பதிவைக் கேட்கலாம். அங்கும் இல்லையென்றால் போடாததாகவே எடுத்துக்கொண்டு மறுபடி போடுவார்கள்; அதனால் ஆபத்தில்லை. "அம்மை வந்தது" என்று மட்டும் சொல்லாமல் எந்த வயதில் வந்தது, தண்ணீர்க் கொப்புளமா சிவப்புத் தடிப்பா, யார் பார்த்துச் சொன்னது என்று சொல்லுங்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பிள்ளைக்கு எம்.எம்.ஆர். போடலாமா என்றும் கேட்கிறார்கள். போடலாம். கர்ப்பிணிக்குத்தான் அந்த ஊசி கூடாது. பிள்ளைக்குப் போட்டதால் அவருக்குத் தொற்றாது. ரூபெல்லா நோயே அவருக்குத் தொற்றினால்தான் கருவில் இருக்கும் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படும்.