கூகுளிடம் கூசாமல் கேட்பவை

அமெரிக்காவில் 'ஜெனரல் சோஷியல் சர்வே' என்று பல்லாண்டுகளாக நடந்துவரும் கருத்துக்கணிப்பு ஒன்று உண்டு. அதில் பெண்கள் சொன்ன பதில்களை வைத்துக் கணக்குப் போட்டால், அந்த நாட்டில் ஆண்-பெண் உறவுக்கு ஆண்டுக்கு 110 கோடி ஆணுறைகள் செலவாகியிருக்க வேண்டும். ஆண்கள் சொன்னதை வைத்துப் போட்டால் 160 கோடி. ஒரே கட்டிலைப் பற்றி இரண்டு தரப்பும் சொல்லும் கணக்கில் 50 கோடி இடிக்கிறது! சரி, விற்றது எவ்வளவு? 60 கோடிகூட இல்லை. ஆண்கள் கூடுதலாக அளக்கிறார்கள். பெண்களும் சளைத்தவர்கள் அல்ல.

இந்தக் கணக்கைப் போட்டவர், கூகுளில் தரவு ஆய்வாளராக இருந்த சேத் ஸ்டீபன்ஸ்-டேவிடோவிட்ஸ். 2017-இல் வந்த 'எவ்ரிபடி லைஸ்' என்ற நூலில் அவர் தேடல் பெட்டியைத்தான் நம்பச் சொல்கிறார். கருத்துக்கணிப்பில் பொய் சொன்னால் கௌரவம் மிஞ்சும். கூகுளிடம் பொய் சொன்னால் வேண்டிய பதில் கிடைக்காது, அவ்வளவுதான்.

அந்தப் பெட்டிக்குள் என்ன கொட்டிக் கிடக்கிறது? ஆணுக்கு எந்நேரமும் ஆசை, பெண்ணுக்கு எந்நேரமும் தலைவலி என்பது துணுக்கு எழுத்தாளர்கள் காலங்காலமாக ஓட்டிய சரக்கு. கூகுளிலோ, காதலி உறவுக்கு மறுக்கிறாள் என்ற புகாரைப் போல இரண்டு மடங்கு, காதலன் மறுக்கிறான் என்ற புகார். திருமணத்தைப் பற்றிய தேடல்களில், மகிழ்ச்சியில்லாத மணவாழ்வைவிட உடலுறவு இல்லாத மணவாழ்வு மூன்றரை மடங்கு அதிகம். அன்பில்லாத மணவாழ்வைவிட எட்டு மடங்கு. ஆண்களின் கவலை வேறு ரகம். துணைவரின் உறுப்பைப் பற்றிப் பெண்கள் ஒரு முறை தேடினால், ஆண்கள் தங்களுடையதைப் பற்றி 170 முறை தேடுகிறார்கள். பெண்கள் கண்டுகொள்ளாத ஒன்றுக்காக எத்தனை இரவுகள் வீணாகின்றன!

அதற்காக, பெண்களுக்குத்தான் ஆசை அதிகம் என்று தீர்ப்பெழுதிவிட முடியாது. காதலி மறுத்தால் ஆண் அதைக் கூட்டாளிகளிடம் சொல்லிப் புலம்பலாம். காதலன் மறுக்கிறான் என்று ஒரு பெண் யாரிடம் சொல்வாள்? வாய்விட்டுச் சொல்ல முடியாதது கூகுளுக்குப் போகிறது. இதை ஸ்டீபன்ஸ்-டேவிடோவிட்ஸே ஒப்புக்கொள்கிறார். தேடல் காட்டுவது ஆசையின் அளவை அல்ல. எது யாரிடமும் சொல்ல முடியாமல் முட்டிக்கொண்டு நிற்கிறது என்பதை.

இந்த நிதானம், 2011-இல் ஓகி ஓகாஸ், சாய் கட்டம் இருவரும் எழுதிய நூலில் இல்லை. 'டாக்பைல்' என்ற தேடுதளத்தில் பதிவான சுமார் 40 கோடித் தேடல்களை அலசியவர்கள் அவர்கள். ஆணின் ஆசை படத்தைக் கண்டதும் பாயும். பெண்ணின் ஆசை, அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் போல ஆளை நாலு பக்கமும் விசாரித்துவிட்டுத்தான் அசையும் என்றார்கள். காதல் கதைகளைப் பெண்கள் விரும்பிப் படிப்பது உண்மைதான். ஆனால் தேடல் பதிவில் 'ஆண்/பெண்' என்று நிரப்பும் கட்டம் கிடையாது. படம் தேடினால் ஆண், கதை தேடினால் பெண் என்று முதலிலேயே பிரித்துவிட்டால், முடிவும் அப்படித்தானே வந்து நிற்கும்?

இதைவிடச் சின்ன சோதனை ஒன்று எனக்குக் கூடுதலாகச் சொல்கிறது. 2003-இல் மிஷெல் அலெக்சாண்டர், டெர்ரி ஃபிஷர் என்ற உளவியலாளர்கள், கல்லூரி மாணவர்களிடம் இதுவரை எத்தனை பேரோடு உறவு கொண்டீர்கள் என்று கேட்டார்கள். விடைத்தாளைப் பிறர் பார்க்கக்கூடும் என்ற நிலையில் ஆண்கள் சொன்ன சராசரி 3.7, பெண்கள் சொன்னது 2.6. இன்னொரு குழுவின் உடலில், பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவி என்று சொல்லி வெற்றுக் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். ஆண்கள் 4.0, பெண்கள் 4.4. ஆண்களின் எண் பெரிதாக அசையவில்லை, பெண்களுடையதுதான் எகிறியது.

நம் பக்கத்தில் அந்தக் கூச்சம் கைபேசிக்குள்ளும் புகுந்திருக்கிறது. கூகுளில் பணியாற்றிய நித்யா சாம்பசிவனும் குழுவினரும் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசத்தில் 199 பெண்களைச் சந்தித்து 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே போனை வீட்டார் பலரும் எடுத்துப் பார்ப்பதால் பெண்கள் செயலிகளுக்குப் பூட்டுப் போடுகிறார்கள், தேடியதை ஒவ்வொன்றாக அழிக்கிறார்கள், சிலவற்றைப் போனில் செய்வதையே தவிர்க்கிறார்கள். அழித்த தேடலாவது போனை விட்டுப் போகுமுன் கூகுளின் மொத்தக் கணக்கில் விழுந்திருக்கும். தட்டாமலே விட்ட கேள்வி எங்கே விழும்? இந்தியப் பெண்கள் இதையெல்லாம் தேடுவதே இல்லை என்று நாளை யாராவது வரைபடம் காட்டினால், அந்தப் போன் வீட்டில் யார் யார் கைக்குப் போகிறது என்று முதலில் கேட்க வேண்டும்.